35ஐத் தாண்டிய பிள்ளைகள்

2025இன் இரண்டாம் தவணை முடிந்து தேர்ச்சி அறிக்கைகளும் கொடுத்தாயிற்று. திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் 11ஆம் தரத்துக்கு வகுப்பாசிரியராக இருக்கிறேன். அவர்களுக்குக் கணிதம் படிப்பிப்பதும் நான்தான். வரும் பெப்ரவரியில் இந்தப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறார்கள். இந்த ஒரு தவணைக்குள் அவர்கள் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதை யாரும் செய்தியாகப் போட மாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

தவணையின் நடுவில், ஜூலையில், எங்களுக்கு முந்தைய தொகுதியின் பெறுபேறு வந்தது. 2024ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை அது. நடந்தது 2025 மார்ச்சில். நாடு முழுவதும் 13,392 பேர் ஒன்பது பாடங்களிலும் ஏ எடுத்திருந்தார்கள். ஓரிரு நாட்களில் நகரத்துப் பாடசாலை மதில்களில் பதாகைகள் ஏறின. ரை கட்டிய பிள்ளைகளின் படங்கள், பெயர்கள், பக்கத்தில் 9ஏ, 8ஏ, 7ஏ. நானும் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு அந்த மரியாதை வேண்டும். ஆனால் அதே பெறுபேற்றில், நாடளாவிய ரீதியில் கணிதத்தில் சித்தியடைந்தவர்கள் ஏறத்தாழ 69 சதவீதம். அப்படியென்றால் பத்துப் பேரில் மூன்று பேர் கணிதத்தில் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு எந்த மதிலிலும் இடமில்லை. என் வகுப்பில் அந்த மூன்று பேராக யார் யார் ஆகக்கூடும் என்பது எனக்கு ஜனவரியிலேயே தெரியும். இந்தத் தவணை முழுவதும் நான் அவர்களோடுதான் இருந்தேன்.

வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மிச்ச மூன்றும் தொகுதிப் பாடங்கள், அதாவது மூன்று பாடத் தொகுதிகளில் இருந்து ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்பவை. 75 முதல் ஏ, 65 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் எஸ். அதற்குக் கீழே டபிள்யூ, அதாவது சித்தியில்லை. உயர்தரத்துக்கு, அதாவது 12ஆம் தரத்துக்குப் போக, தாய்மொழி உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அந்த ஆறில் மூன்றிலாவது சி வேண்டும். தமிழில் ஏ, சமயத்தில் ஏ, சித்திரத்தில் ஏ எடுத்த பிள்ளைகூடக் கணிதத்தில் 30 எடுத்தால் பல வாசல்களில் நிற்க வேண்டியதுதான். அரச வேலை விண்ணப்பங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் கணிதச் சித்தி கேட்டிருப்பார்கள். 34க்கும் 35க்கும் இடையில் உள்ள அந்த ஒரு புள்ளியில் ஒரு பிள்ளையின் அடுத்த பத்து வருடம் மாறிப்போகிறது. 85ஐ 91 ஆக்குவது நல்ல வேலை. 28ஐ 36 ஆக்குவது அதைவிட அவசரமான வேலை என்று நான் நம்புகிறேன்.

இந்தத் தொகுதிக்கு ஒரு தனிக் கதை உண்டு. 2020 ஜனவரியில் இவர்கள் ஆறாம் தரத்துக்கு வந்தார்கள். மார்ச்சில் கொரோனா வந்து பாடசாலைகள் பூட்டப்பட்டன. 2021இன் பெரும்பகுதியும் அப்படியே போனது. போனில் வகுப்பு என்றார்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஒரு போன்தான் இருந்தது, அதையும் தகப்பன் தொழிலுக்குப் போகும்போது கொண்டு போவார். அந்த ஆண்டிலேயே சம்பளப் பிரச்சினையில் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலில் இருந்து மாதக்கணக்கில் விலகி நின்றார்கள். 2022இல் எரிபொருள் இல்லை, பஸ் இல்லை, மறுபடியும் பாடசாலை இல்லை. ஆறு, ஏழு, எட்டு. பின்னம், தசமம், திசைகொண்ட எண்கள், அட்சரகணிதக் கோவை, எளிய சமன்பாடு எல்லாம் படிக்கிற காலம் அது. அத்திவாரத்தில் கல் வைக்காமலே இவர்களுக்குச் சுவர் எழுப்பிவிட்டோம். பிள்ளைகளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

முதலாம் தவணை விடைத்தாள்களைத் திருத்தும்போது புள்ளி போடுவதோடு நிற்காமல், ஒவ்வொரு பிள்ளையும் எந்த வரியில் தடுக்கியது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போனேன். இருபடிச் சமன்பாட்டில் விழுந்தவர்கள் என்று நான் நினைத்த பலர் உண்மையில் விழுந்தது அதற்குள் இருந்த பின்னத்தில். முக்கோணக் கணக்கில் தேற்றம் சரி, கடைசியில் மறைக் குறியைக் கழிக்கத் தெரியவில்லை. 11ஆம் தரப் பாடத்தை எத்தனை முறை திருப்பிச் சொன்னாலும் இது தீராது. ஆகவே மேயில் தவணை தொடங்கியதும் தம்பி தங்கைகளிடம் இருந்து ஆறாம் தரக் கணிதப் புத்தகத்தை வாங்கி வரச் சொன்னேன். சிலருக்கு வெட்கம். மேசைக்குக் கீழே வைத்துத்தான் திறந்தார்கள். இரண்டு வாரத்தில் அந்த வெட்கம் போய்விட்டது, ஏனென்றால் எல்லாருடைய மேசையிலும் அதே புத்தகம்.

பின்னக் கணக்கில் ஒரு இடம் இருக்கிறது. ஒருவர் தன் காணியில் 1/3 பங்கை மகளுக்குக் கொடுக்கிறார். மீதியின் 1/4 பங்கை மகனுக்குக் கொடுக்கிறார். அவரிடம் எஞ்சியது எவ்வளவு? வகுப்பில் பாதிப் பேர் 1இல் இருந்து 1/3ஐயும் 1/4ஐயும் கழித்து 5/12 என்று எழுதினார்கள். சரியான விடை பாதி. 2/3இன் கால் பங்கு 1/6. 2/3இல் அது போனால் 1/2. பலகையில் படம் கீறி, நிறம் தீட்டிக் காட்டியும் சிலருக்கு ஏறவில்லை. அப்போது பின்வாங்கில் இருந்து, மீனவர் ஊரான திருக்கடலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், தவணை முழுதும் வாய் திறக்காதவன், சொன்னான்: "ரீச்சர், இது கரைவலைப் பங்கு மாதிரி. முதல்ல செலவக் கழிப்பம். பிறகு மீதியிலதான் சம்மாட்டிக்கும் ஆக்களுக்கும் பிரிக்கிறது. முழுசில பிரிச்சா அடிபிடிதான் வரும்."

கரைவலை என்றால் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் பெருவலை, சம்மாட்டி அதன் சொந்தக்காரர். அவனையே பலகைக்கு அழைத்தேன். ஒரு நாள் மீன்பாடு இவ்வளவு, எண்ணெய்ச் செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு, அதில் பாதி சம்மாட்டிக்கு என்று எழுதி, பக்கத்திலேயே காணிக் கணக்கையும் எழுதினான். முதலாம் தவணையில் 22 எடுத்தவன் அவன். அவனுக்குக் கணக்கு வராது என்று அவனுடைய வீட்டில் முடிவே கட்டியிருந்தார்கள். வலை இழுத்த கூலியை ஆளுக்குப் பிரித்துச் சொல்லக்கூடிய பிள்ளைக்குக் கணக்கு எப்படி வராமல் போகும்?

அவன் வகுப்புக்கு வருவதுதான் பெரிய பாடாக இருந்தது. எங்கள் ஊரில் இரண்டாம் தவணை மற்றத் தவணைகள் மாதிரி இல்லை. மார்ச்சுக்குப் பிறகு கடல் அடங்கி, செப்டம்பர் வரை தொழில் நடக்கும். உப்புவெளி, நிலாவெளிக் கரைகளுக்கு உல்லாசப் பயணிகள் வருகிறதும் இதே மாதங்களில்தான். பதினாறு வயதுப் பையனுக்கு வலை இழுக்கப் போனாலும் காசு, புறாமலைத் தீவுக்குப் போகும் வள்ளத்தில் உதவிக்கு நின்றாலும் காசு, விடுதியில் மேசை துடைத்தாலும் காசு. ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால் கடலில் இருந்தும் வராது, கரையில் இருந்தும் வராது. வீட்டின் ஆறு மாதச் சோறு இந்த மாதங்களில் சேர்கிறது. வரவுப் பதிவேட்டில் சிவப்புப் புள்ளியை வைத்துக்கொண்டு அந்தத் தாய் தகப்பனைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரு பின்னேரம் அவனுடைய தகப்பனைக் கரையிலேயே போய்ப் பார்த்தேன். வலை காய்ந்துகொண்டிருந்தது. அவர் எழும்பி நின்று, சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "ரீச்சர், சீசன் ஆறு மாசம்தான். இவன்ட கையும் இருந்தாத்தான் ஏலும்."

"கிழமை நாள்ல மட்டும் விடுங்க அண்ணன். சனி ஞாயிறு உங்கட விருப்பம். மார்ச்சுக்குப் பிறகு சோதினையும் முடிஞ்சிரும், அப்ப அடுத்த சீசனும் வந்திரும்."

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாசாகுவானா?"

"பாசாக்கலாம்" என்றேன். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை அவன் வகுப்பில் இருந்தான். தவணை முடியும் வரை கிழமை நாட்களில் அநேகமாகத் தவறவில்லை.

பாடசாலை முடிந்த பிறகு மாலை வகுப்பு வைத்தோம். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும் ஊரில் பின்னேர வகுப்பு என்றால் என்ன என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். தரையில் இருந்து தூக்கிக்கொண்டு வரும் அனல், கூரையில் இருந்து இறங்கும் அனல், கொப்பித் தாள் வியர்வையில் கையோடு ஒட்டும். பிள்ளைகள் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் அடித்துக்கொண்டு கணக்குச் செய்தார்கள். நிலாவெளிப் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் கவலை வேறு. இவ்வளவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார்களே, எனக்கு அதுவே முதல் சாதனை.

எப்படிச் செய்தோம் என்றும் எழுதுகிறேன், வேறு ஆசிரியர்களுக்கு உதவலாம். கணித வினாத்தாள் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 100, மொத்தம் 200ஐ இரண்டால் பிரிப்பார்கள். ஆக 35க்குத் தேவை 70. முதல் பத்திரத்தின் ஏ பகுதியில் 25 சிறு வினாக்கள், தலா 2 புள்ளி. அதில் 20 சரி என்றால் 40 கைக்கு வந்துவிடுகிறது. மிச்சம் 30ஐத்தான் முதல் பத்திரத்தின் ஐந்து பெரிய வினாக்களில் இருந்தும் இரண்டாம் பத்திரத்தில் செய்ய வேண்டிய பத்து வினாக்களில் இருந்தும் எடுக்க வேண்டும். இதைப் பலகையில் எழுதிக் காட்டிய அன்று சில பிள்ளைகளின் முகத்தில் தெரிந்த மாற்றத்தை நான் மறக்க மாட்டேன். கணிதம் என்றால் ஏறவே முடியாத மலை என்று இருந்தவர்கள், எண்ணிப் பார்த்து, இது நடக்கக்கூடிய தூரம் என்று கண்டார்கள்.

காலைக் கூட்டத்துக்கு முன்னால் தினமும் சிறு வினாக்கள். கடந்தகால வினாத்தாள்களில் இருந்து வெட்டி ஒட்டியவை. அதற்குப் பிறகு கேத்திரகணித அமைப்பு. கவராயமும் அளவுகோலும் இருந்தால் போதும். கூட்டிக் கழிக்கப் பயப்படும் பிள்ளைகள்கூட அதில் நன்றாக வருகிறார்கள். கை நிதானமான பிள்ளைகளுக்கு அந்தப் பத்துப் புள்ளி கிட்டத்தட்ட முழுதாகவே கிடைக்கும். இருபடிச் சார்பின் வரைபில் அட்டவணையை நிரப்பி, புள்ளிகளைக் குறித்து, ஒப்பமான வளையி வரைந்தாலே பாதிப் புள்ளி வந்துவிடும். மடக்கை அட்டவணை பார்க்கப் பழக்கினோம், சாதாரண தரக் கணிதத்தில் கல்குலேற்றர் கொண்டுபோக விடமாட்டார்கள். நிகழ்தகவை நான் பிந்திப் போட்டேன், பின்னம் தேறாமல் அதைத் தொடுவதில் பயனில்லை.

ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார், இது சித்திக்காகப் படிப்பிப்பது ஆகாதா என்று. நல்ல கேள்வி. ஆறாம் தரப் பின்னத்தை விளங்கிக்கொண்டு 36 எடுக்கும் பிள்ளை, விளங்காமல் மனப்பாடம் செய்து 50 எடுக்கும் பிள்ளையைவிட நல்ல இடத்தில் நிற்கிறது என்றேன். அந்தப் பிள்ளைக்கு இனி வட்டிக் கடைக்காரன் சொல்லும் கணக்கைத் தானே சரிபார்க்கத் தெரியும்.

ஆகஸ்டில் தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்தி முடித்தேன். கரைவலைக் கணக்குச் சொன்ன பையனுக்கு 41. முதல் தவணையில் 29 எடுத்த ஒரு பிள்ளைக்கு 36. 17இல் இருந்து 35க்கு வந்தவள் ஒருத்தி, சரியாக 35. அவளுடைய தாளை நான் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன், பிறகு பக்கத்து ஆசிரியரிடம் கொடுத்தும் கூட்டிப் பார்த்தேன். முதல் தவணையில் 35க்குக் கீழே இருந்தவர்களில் பாதிக்கு மேல் இப்போது கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

எல்லாரும் தாண்டவில்லை. 31இல் இருந்த ஒருவன் 33இல் நிற்கிறான். ஏ பகுதியில் நன்றாகச் செய்தவன், இரண்டாம் பத்திரத்தில் நேரம் போதாமல் ஐந்து வினாவோடு தாளைக் கொடுத்துவிட்டான். முன்பு 38 எடுத்த ஒரு பிள்ளை 30க்கு இறங்கிவிட்டாள். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், சமையலும் தம்பிகளும் இவள் தலையில். அவளுடைய அறிக்கையில் குறிப்பு எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். வீட்டில் அவள் செய்ததை எழுத அந்த அட்டையில் கட்டம் இல்லை. "பொறுப்பான பிள்ளை. கணிதத்தில் மீண்டும் உயர்வார்" என்று எழுதினேன்.

வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைக்குக் கணிதத்தில் 93. அவளைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அநியாயம். மாலை வகுப்பு அவளுக்குத் தேவையே இல்லை. ஆனாலும் வந்தாள். வந்து, பின்னம் தடுக்கிய இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, தன் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டு அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாள். 35 எடுத்தவள் அவளுடைய மாணவிதான். அடுத்த வருடம் அவளுடைய படம் மதிலில் வரலாம், வர வேண்டும். அதை ஒட்டும்போது இந்த இரண்டு பேரையும் நான் நினைத்துக்கொள்வேன்.

மற்றப் பாடங்களிலும் அசைவு இருக்கிறது. விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் கிண்ணியாவில் இருந்து வருகிறவர். 2009இல் பாலம் திறக்கும் வரை அங்கிருந்து பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் இந்தப் பக்கம் வர வேண்டும், அந்த நாளில் பின்னேரம் வரை நின்று வகுப்பு எடுப்பதை நினைக்கவும் முடியாது. இப்போது மோட்டார் சைக்கிளில் வந்து, என்னோடு மாறி மாறி மாலை வகுப்பு எடுத்தார். வரலாறு ரீச்சர் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைப் பிரட்றிக் கோட்டைக்குள் கூட்டிப் போனார். கோணேசர் கோவிலுக்கு என்று எத்தனையோ தரம் அந்த வாசலால் போன பிள்ளைகள், 1795இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்த கோட்டை இதுதான் என்று அன்றைக்குத்தான் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். தவணைத் தாளில் அந்த வினாவை விட்டவர்கள் மிகக் குறைவு. ஆங்கிலம் இன்னும் கவலைதான். தமிழ்மொழித் தினப் போட்டியில் எங்கள் பிள்ளை ஒருத்தி கட்டுரையில் வலய மட்டத்தில் வென்றாள், ஓட்டத்தில் ஒரு பையன் மாகாணம் வரை போய் வந்தான். பிள்ளைகளுக்கு இவை பெரிய மகிழ்ச்சி.

பெற்றோர் வந்த நாளில், 36 எடுத்த பிள்ளையின் தாய் அறிக்கையைக் கையில் வாங்கி, கணித வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார், "இது சிவப்பில எழுதல்லையே ரீச்சர்?" இல்லை, நீலம்தான் என்றேன். மூதூர்ப் பக்கத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் நகரத்தில் மாமி வீட்டில் தங்கிச் சாதாரண தரம் எழுதியவர் அவர். கணக்கில் விடுபட்டதால் அதோடு படிப்பு நின்றதாம். மகளும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவாளோ என்று அவருக்கு இருந்த பயத்தை எனக்கு அன்றைக்கு முன் தெரியாது. "இன்னும் ஆறு மாசம் இருக்கு, சி எடுக்கப் பார்ப்பம்" என்றேன். மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கனவே தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இனி மூன்றாம் தவணை. கார்த்திகை, மார்கழி மழையை நான் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சையே வெள்ளத்தால் நடுவில் நிறுத்தப்பட்டுப் பிறகு தொடர்ந்தது. ஆகவே பாடத்திட்டத்தை ஐப்பசிக்குள் முடித்துவிட்டு, மழை நாட்களுக்கு வீட்டில் இருந்தே செய்யக்கூடிய வினாத்தாள் கட்டு ஒன்றை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் முன்கூட்டியே கொடுத்துவைக்கப் போகிறேன். கோட்டுக்குக் கீழே இன்னும் நிற்பவர்களின் பெயர்கள் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தப் பாடம் முதலில் என்று எழுதியிருக்கிறேன். 33இல் நிற்பவனுக்கு மணிக்கூடு வைத்து எழுதும் பழக்கம். 30க்கு இறங்கியவளுக்குப் பாடசாலை நேரத்துக்குள்ளேயே தனியாக ஒரு பாடவேளை, பின்னேரம் அவளால் நிற்க முடியாது.

இதை வாசிக்கும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வினாத்தாள் கட்டுக்கு ஏ4 தாள் தேவை. நல்ல கவராயம் இல்லாத பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள், முள் ஆடினால் வில் சரியாக வெட்டாது, புள்ளி போய்விடும். ஊரில் நீங்கள் படித்த பாடசாலை எதுவானாலும், அங்கே 11ஆம் தரத்துக்குக் கணிதம் படிப்பிப்பவரைக் கேளுங்கள், என்ன குறைகிறது என்று அவர் உடனே சொல்லுவார். செப்டம்பருக்குள் கிடைத்தால் நல்லது.